முரகாமி அந்நியர் அல்லர்

ஹாருகி முரகாமி ஜப்பானிய எழுத்தில் ஒளிந்திருக்கும் மேலைநாட்டுக்காரர். தன் நாட்டின் வரலாறோ அரசியலோ அவருக்குப் பொருட்டல்ல. நெடுங்காலமாகச் சொல்லப்படும் இந்தக் குற்றச்சாட்டு தவறு.

அவருடைய மொழியே அந்நியம் என்கிறார்கள். 1979-இல் வந்த முதல் நாவலின் தொடக்கத்தை அவர் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தது உண்மைதான். பெற்றோர் இருவரும் ஜப்பானிய இலக்கியம் கற்பித்தவர்கள். அந்த இலக்கிய நடையின் கனத்திலிருந்து விடுபட, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, மீண்டும் ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தார். லாபம் ஜப்பானிய மொழிக்குத்தான்.

1986-இல் ஐரோப்பாவுக்கும் 1991-இல் அமெரிக்காவுக்கும் போனாரே? போனார். ஆனால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் தேடிப் படித்தவை நோமோன்ஹான் பற்றிய நூல்கள். 1939-இல் மங்கோலிய எல்லையில் ஜப்பானியப் படை சோவியத் படையிடம் தோற்ற இடம் அது. அந்தப் போர் ‘விண்ட்-அப் பேர்ட் கிரானிக்கிள்’ நாவலின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரை மறந்தவர் செய்கிற வேலையா இது?

அரசியல் இல்லாதவர் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினார்கள். ஊடகங்கள் அந்த அமைப்பையே சுற்றிக்கொண்டிருந்தபோது, அன்று ரயிலில் போன சாதாரண மனிதர்களைத் தேடிப்போனார் முரகாமி. அறுபதுக்கும் மேற்பட்டோரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிய நூல்தான் 1997-இல் வந்த ‘அண்டர்கிரவுண்ட்’. 2011-இல் புகுஷிமா விபத்துக்குப் பின், பார்சிலோனாவில் விருது மேடையிலேயே தம் நாட்டின் அணுமின் கொள்கையைக் கண்டித்தார். 2017-இல் ஒரு நாவலில், சீனாவில் ஜப்பானியப் படை நிகழ்த்திய நான்ஜிங் படுகொலையைப் பேசியதற்காக வலதுசாரிகளின் கோபத்துக்கு ஆளானார்.

அவர் படைக்கும் பெண்கள் முழுமையான மனிதர்களாக வருவதில்லை என்ற விமர்சனத்தை நான் மறுக்கமாட்டேன். நாவலாசிரியர் மியெகோ கவகாமி அதை அவரிடம் நேரிலேயே கேட்டார், கேட்டது நியாயம். ஆனால் அது வேறு வழக்கு.

வரலாற்றைத் தொடாதவர் என்போர், 2019-இல் தம் தந்தையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும். சீனாவில் போரிட்ட தந்தை, தம் படைப்பிரிவு ஒரு சீனக் கைதியைத் தலைவெட்டிக் கொன்றதைச் சிறுவனாயிருந்த மகனிடம் ஒரே ஒருமுறை சொன்னார். எழுபது வயதில் அதைத் தம் நாட்டு இதழில், தம் பெயரிலேயே எழுதினார் அந்த மகன்.