எந்த விதி?

"எல்லாம் அவன் தலைவிதி!" என்று பெருமூச்சு விடுகிறது ஊர். நெஞ்சுவலி என்று சென்றான். நிலத்தை விற்றுவிட்டுத் திரும்பினான். பேறுகாலம் என்று சென்றாள். குழந்தையை மடியில் ஏந்தி, கழுத்துச் சங்கிலியை அடகுக்கடையில் விட்டு வந்தாள். என்ன செய்வது, விதி! இப்படிப் பேசிப் பேசியே பழகிவிட்ட நாட்டிலே நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான்: எந்த விதி?

பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் விதியை நாம் கண்டதில்லை. கண்டவர் எவரும் இல்லை. ஆனால் கோட்டையிலே எழுதப்பட வேண்டிய விதி ஒன்று உண்டு; அதை அறிவோம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். சட்டம் நடமாட வேண்டுமானால் விதிகள் வேண்டும். அந்த விதிகள் வெளிவந்த ஆண்டு 2018! சட்டத்தோடு பிறந்த குழந்தை தவழ்ந்து, நடந்து, பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலை தேடி அலையும் பருவம் எய்திய பிறகே சட்டத்துக்குக் கால் முளைத்தது. 21 ஆண்டுகள் அது ஏட்டிலே உறங்கிற்று. எந்தக் கட்சியின் ஆட்சியில் என்று கேட்டுச் சண்டையிட வேண்டாம் தோழர்களே, இரண்டுக்கும் பங்குண்டு. அந்த 21 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் "தலைவிதி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக் கொண்டனவோ!

"மருத்துவமும் ஒரு தொழில்தானே? போட்டி பெருகினால் விலை தானே குறையும். அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?" என்கிறார்கள் சந்தையின் பூசாரிகள். சந்தை என்றால் என்ன? கத்தரிக்காயை எடுக்கிறோம், திருப்பிப் பார்க்கிறோம், சொத்தை என்றால் போட்டுவிடுகிறோம், விலை கட்டவில்லை என்றால் அடுத்த கடைக்குச் செல்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைபிசைந்து நிற்கும் தாய், "இந்த ஊசி என்ன விலை? எதிர்க்கடையில் விசாரித்துவிட்டு வருகிறேன்" என்றா கூறுவாள்? எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது நிறுத்துவது, இவை அனைத்தையும் முடிவு செய்பவர் விற்பவரே! வாங்குபவனுக்கு விட்டுவைத்த உரிமை, காட்டிய இடத்தில் கையெழுத்திடும் உரிமை ஒன்றே.

விற்பவரின் கையில் அவ்வளவையும் கொடுத்ததன் விளைவைக் கணக்கோடு பார்ப்போம். இதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டால் உள்ளே வைக்கும் சிறு குழல், ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவிலை விதித்தது: மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய். வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. நேற்று வரை இலட்சம் கேட்டது, இன்று முப்பதாயிரத்துக்குள் அடங்கிற்று. இடையிலிருந்த எழுபதாயிரத்தை விழுங்கி வந்தது விதியா, வியாபாரமா?

மறு ஆண்டு, 2018-இல், அதே ஆணையம் டில்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் சிட்டைகளைப் புரட்டிப் பார்த்தது. மருந்தேற்றும் குழாயில் மாட்டும் மூவழித் திருகு ஒன்று. கொள்முதல் விலை 5 ரூபாய் 77 காசு. நோயாளியின் சிட்டையில் 106 ரூபாய்! இலாபக் கணக்குப் போடும் நம் வகுப்பு மாணவரிடம் கொடுத்தால் விடை சொல்வார்: 1,737 விழுக்காடு. (பாடநூலில் இப்படியொரு கணக்கு வந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவோம்.) இதில் வேடிக்கை, அவர்கள் பெட்டியில் அச்சிட்ட உச்ச விற்பனை விலையை மீறவில்லை! மொத்தமாக வாங்கும் வலிமையைக் காட்டி, அச்சிடும் விலையையே உயர்த்தும்படி செய்துகொள்கிறார்கள் என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. சட்டத்தை மீறாமலே கொள்ளை. பூட்டை உடைக்கவில்லை ஐயா, சாவியே அவரிடம்தான்!

பணம் மட்டுமா போகிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பேறுகளில் 63.8 விழுக்காடு வயிற்றைக் கிழித்து எடுத்தவை; அரசு மருத்துவமனைகளில் 36.0. அரசின் கணக்கும் மெச்சத்தக்கதன்று. ஆனால் சிக்கலான பேறுகளைக் கடைசியில் கொண்டு சேர்க்கும் இடம் அரசு மருத்துவமனை அல்லவா? அங்கே குறைவு, இங்கே மிகுதி என்றால், தமிழ்ப்பெண்ணின் இடுப்பெலும்பு தெருவுக்குத் தெரு மாறுகிறதா?

"கவலை எதற்கு? காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டோம்" என்பார்கள் ஆள்வோர். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பின்னர் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018-இல் மத்திய அரசு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் என்று அறிவித்தது. அட்டையால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அட்டை, படுக்கையில் சேர்ந்தவருக்கான அட்டை. மாதாமாதம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவர் தம் மடியைத்தான் அவிழ்க்க வேண்டும். 2021-22 தேசிய நலவாழ்வுக் கணக்கிலே மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. முன்னிலும் குறைவு என்று பெருமை பேசுகிறார்கள். ரூபாயில் ஏறக்குறைய நாற்பது காசு எந்த அட்டைக்கும் வெளியே நிற்கிறது என்பதைப் பேசுவதில்லை. விலைக்கு வேலி கட்டாமல் அட்டையை மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தோடு ஒருவனைக் கிணற்றடிக்கு அனுப்புவது.

அரசு வேலி கட்ட முற்பட்டால் என்ன நடக்கிறது? இராசத்தானைப் பாருங்கள். 2023 மார்ச்சு 21-ஆம் நாள் அம்மாநிலச் சட்டமன்றம் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அவசர நிலையில் வருபவருக்கு முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். கொடுக்க இயலாதவரின் செலவை அரசு ஈடுசெய்யும். இவ்வளவே குற்றம்! தனியார் மருத்துவமனைகள் கதவடைத்தன. மருத்துவர்கள் தெருவில் இறங்கினர். ஏப்ரல் 4-ஆம் நாள் உடன்பாடு: சலுகை விலையில் அரசிடம் நிலமோ கட்டடமோ பெறாத தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. இரு வாரங்களில் உரிமை சுருங்கிவிட்டது. உயிர் காக்கும் கடமை அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் ஒன்றே என்று உச்சநீதிமன்றம் 1989-லேயே கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை ஏந்தி வேலைநிறுத்தப் பந்தலுக்குச் சென்றவர் எவர்?

மருத்துவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறமாட்டோம். அரசு தர வேண்டிய தொகை காலத்தில் வந்து சேருமா என்ற ஐயம் நேர்மையான ஐயம். சிற்றூரில் பத்துப் படுக்கை வைத்துக் கணவனும் மனைவியுமாக நடத்தும் மருத்துவமனையையும், பங்குச் சந்தையில் விலை கூறப்படும் மாளிகை மருத்துவமனையையும் ஒரே தராசில் நிறுத்துவது அறிவீனம். முன்னவருக்குப் படிவங்கள் குறைய வேண்டும். காசு காலத்தில் சேர வேண்டும். பின்னவரோ இவர்தம் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கூச்சலிடுகிறார். அதை நாம் ஏற்கலாகாது.

"தனியாரைக் கட்டுப்படுத்தினால் ஓடிவிடுவர்" என்று அச்சுறுத்துவோர் சப்பான் நாட்டைப் பார்க்கட்டும். அங்கு மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. 1961-இல் எல்லா மக்களையும் காப்பீட்டில் கொணர்ந்தார்கள். ஆனால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது நாடு முழுதும் ஒரே பட்டியல். அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசு திருத்துகிறது. எவரும் ஓடவில்லை.

நமது நாட்டிலும் சட்டப்புத்தகத்தில் அந்த வழி இருக்கிறது! 2010-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு 2012-இல் எழுதிய விதிகளில் 9-ஆம் விதி, மாநிலங்களைக் கலந்து கட்டண வரம்பை வரையறுக்கச் சொல்கிறது. விதி எழுதினார்கள், வரம்பு எழுதவில்லை. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைக் கேட்டுக் கடிந்துகொண்டது. தமிழ்நாட்டுக்கோ சாக்கும் கிடையாது. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்தையும் ஊசியையும் ஏலமுறையில் மலிவாக வாங்கி வரும் மாநிலம் இது. எந்தப் பொருள் என்ன விலை பெறும் என்பது கோட்டைக்குத் தெரியும்.

ஆகவே இளைஞர்களே, கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையின் வாயிலிலும் கட்டணப் பட்டியல் தமிழில் தொங்க வேண்டும். சிட்டையில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும். இன்று மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளை மேற்பார்க்கும் இணை இயக்குநரே தனியார் நிலையங்களையும் பதிவு செய்து சோதிக்கிறார். ஒருவருக்கு எத்தனை கைகள்? முறையீடு கேட்கத் தனி ஆணையம் வேண்டும். அதில் நோயாளிகளின் சார்பிலும் ஆள் அமர வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், காப்பீட்டுத் தொகையை எவ்வளவு உயர்த்துவீர் என்று கேட்கும்போதே, கட்டண வரம்பை எந்த மாதத்திற்குள் எழுதுவீர் என்றும் கேளுங்கள். நாளைக் குறித்து வாங்குங்கள்.