துணைக்குப் போகிறவரின் பயம்
தூத்துக்குடி–நெல்லை சாலையில் உள்ள புதுக்கோட்டையிலிருந்து நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறும் தம்பதியரில், அதிகம் பயந்திருப்பவர் பெரும்பாலும் துணைக்குப் போகிறவர்தான். கணவருக்கு வலது கை நடுங்குகிறது, நடை குறுகுகிறது, கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துவிட்டது. ‘பார்க்கின்சனாக இருக்கலாம், மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்’ என்கிறார் மருத்துவர். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயை, வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றும் உறுதிசெய்துவிடாது. நேரில் பரிசோதித்தும், லெவோடோபா மாத்திரைக்குக் குணம் தெரிகிறதா என்று கவனித்தும்தான் முடிவுக்கு வருவார்கள், மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் மனைவியிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பதே என் ஆதங்கம். உறவினர்களோ ‘வயசானா நடுங்கத்தான் செய்யும்’ என்று முடித்துவிடுகிறார்கள். மருத்துவர் மனைவிக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும். தூக்கத்தில் கத்துவது, மலச்சிக்கல், தடுமாற்றம் என அவர் வீட்டில் கவனிப்பவை நோயறிதலுக்கே உதவும். நோய் உறுதியானால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பார்க்கின்சனும் உண்டு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் என்பதையும் அன்றைக்கே அவர் காதில் போட்டுவைக்கலாம்.