ரேஸ் பைக்கா, ஹைப்ரிட்டா?

“அண்ணே, ரேஸ் சைக்கிள் காட்டுங்க”னு கடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மக்களே! மதுரையிலிருந்து அப்பன்திருப்பதி வழியா அழகர்கோவில் போயிட்டு வந்தா சுமார் 40 கி.மீ. இந்த மாதிரி ரைடுக்கு எது சரி?

ரேஸ் ரோடு பைக்: வெயிட் கம்மி, டயர் ஒல்லி. ஆனா ரொம்பக் குனிஞ்சு ஓட்டணும். பழக்கமில்லேன்னா கழுத்தும் இடுப்பும் பிடிச்சுக்கும்.

எண்டியூரன்ஸ் ரோடு பைக்: அதே வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா கொஞ்சம் உசரத்துல. டயரும் 28, 32 மி.மீ.னு கொஞ்சம் அகலம். கை வலிச்சா பிடியை மாத்திக்கலாம், எதிர்காத்துல குனிஞ்சுக்கலாம். நூறு கி.மீ. தாண்டுற ஆசை இருந்தா இதான்.

ஹைப்ரிட்: நேர் ஹேண்டில், தடிச்ச டயர். விலையும் பெரும்பாலும் கம்மி. கிராமத்து மண் ரோடு, காலேஜ் ரெண்டுக்கும் ஓகே.

முன்னாடி ஷாக் அப்சார்பர் வச்சது? பார்க்க கெத்து, தார் ரோட்டுல சுமை!

வேகம் பத்தாதுன்னு பயமா? ‘பிரிவே’ங்கிற நெடுந்தூர ரைடுல 200 கி.மீ.க்கு பதிமூணரை மணி நேரம் தர்றாங்க. டீ குடிக்கிற நேரமும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. போதும். அதனால முதல்ல சைஸ் பாருங்க. பெடல் கீழே இருக்கறப்போ குதிகாலை வச்சா கால் நேரா நிக்கணும்.

காசு இல்லையா? ப்ளஸ் ஒன்ல அரசு கொடுத்த சைக்கிள் வீட்ல கிடக்கும். செயினுக்கு எண்ணெய் விட்டு, காத்தடிச்சு, முதல் ரைடை அதுலயே போங்க. எங்கே வலிக்குதுன்னு உடம்பே சொல்லும். அப்புறம் அப்பாகிட்ட காசு கேளுங்க.

சீமைக்கருவேல முள்ளு பிராண்ட் பார்க்காது... பஞ்சர் கிட் முக்கியம் பாஸ்!