ஜெரேனியம் நாற்றை நாமே தயாரிப்போம்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மலைகளில் வாசனை எண்ணெய்க்காக ஜெரேனியம் பயிரிடும் சிறு விவசாயிகள், வேர்விட்ட நாற்றை விலைக்கு வாங்கி நடுவதே சுலபம் என்று எண்ணலாம். அது சரியல்ல என்பதே என் கருத்து.

இப்பயிர் விதை பிடிப்பதில்லை. தண்டுக் குச்சி மூலமே பெருக்க வேண்டும். எனவே தாய்ச்செடியில் உள்ள வாடல் நோய் குச்சியுடனும், வேரைத் தாக்கும் நூற்புழு நாற்றின் மண்ணுடனும் நம் தோட்டத்துக்கு வந்துவிடும். வந்தபின் வருந்திப் பயனில்லை.

சொந்தத் தோட்டத்தில் செழிப்பான, வாடல் இல்லாத செடிகளை அடையாளமிட்டு வையுங்கள். ஓரிரு செடிகளைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சுகள் இருந்தால் அந்தப் பாத்தியில் குச்சி எடுக்கவே கூடாது. நுனித் தண்டை சுமார் 20 செ.மீ. நீளத்தில், 8 கணுக்களுடன், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டவும். அடி இலைகளை நீக்கி, நிழலில் அமைத்த நாற்றங்காலில் நடவும். ஈரம் காயக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது. 60 நாளில் நாற்று தயார்.

இரண்டு அடி இடைவெளியில் நட்டால் பத்து சென்டுக்கு 1,100 நாற்றுகள் போதும். முதல் ஆண்டு அந்த அளவோடு தொடங்கி, அதிலிருந்தே பெருக்கிக்கொள்ளலாம்.

"வாங்கினால் இரண்டு மாதம் மிச்சமாகுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருமுறை நட்ட செடி நான்கைந்து ஆண்டுகள் பலன் தர வேண்டியது. இரண்டு மாதத்தைப் பார்த்து அத்தனை ஆண்டு வருமானத்தை இழக்கலாமா?