வாண்டுகளுக்கு ஒரு மாமா

சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுதிலே கண்டி வாவிக் கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். எமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், பன்னிரண்டு வயது மைந்தனைக் கையிற் பிடித்தவாறு எதிர்ப்பட்டார். அவர் முகத்திலே கடுகடுப்பு. பையன் முகத்திலே அச்சம்.

“ஐயா, இந்த அநியாயத்தை நீங்களே கேளுங்கள். புவியியற் புத்தகத்துக்குள் இதை ஒளித்து வைத்துப் படிக்கிறான்” என்று கூறி, கசங்கிய சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை எம்மிடம் நீட்டினார். “இதெல்லாம் ஒரு படிப்பா? இவற்றை எழுதுகிறவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?”

அன்பர் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கூறுவோம். அவ்வாறு எழுதுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவரை நாம் அறிவோம். அவர் பெயர் வாண்டுமாமா.

பெற்றோர் இட்ட பெயர் கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டையைச் சேர்ந்த அரிமளம் என்னும் ஊரிலே 1925ஆம் ஆண்டு பிறந்தவர். பெரியவர்களுக்காக எழுதியபோது ‘கௌசிகன்’ என்று கையொப்பமிட்டார். சிறுவர்களுக்காக எழுதத் தொடங்கியபோது ‘வாண்டுமாமா’ என்ற பெயரைச் சூட்டியவர், புகழ்பெற்ற ஓவியர் மாலி. அப்பெயரே நிலைத்தது, இயற்பெயரை அறிந்தவர்கள் சிலரே.

‘வானவில்’, ‘கிண்கிணி’ என்று அவர் பணிபுரிந்த சிறுவர் சஞ்சிகைகள் பல. ‘கல்கி’யில் நெடுங்காலம் உழைத்தார். 1972இல் தோன்றிய ‘கோகுலம்’, 1984இல் தோன்றிய ‘பூந்தளிர்’ ஆகியவற்றிலும் அவரது கைவண்ணம் மிளிர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். மந்திரவாதிகள், மர்ம மாளிகைகள், கடலுக்கு அப்பாலுள்ள தீவுகள், காட்டிலே வளர்ந்த சிறுவர்கள் எல்லாம் அவர் படைத்த உலகத்துக் குடிமக்கள். ‘பலே பாலு’வை அறியாத சிறுவர் அக்காலத்திலே அரியர். ஓவியர் செல்லத்தின் தூரிகையும் வாண்டுமாமாவின் பேனாவும் சேர்ந்துவிட்டால், பிள்ளைகளுக்குச் சோறு தண்ணீர் வேண்டியதில்லை!

சித்திரக்கதை எழுதுவது எளிது என்று எண்ணுவோர் உளர். ஒரு முறை எழுதிப் பார்த்தால் தெரியும். கதையை முதலிற் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், பின்னணியில் மலையா மாளிகையா என்பதையெல்லாம் ஓவியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். படம் சொல்லிவிட்டதை எழுத்து மீண்டும் சொல்லலாகாது. பேசும் வாசகமோ ஒரு சிறு கூட்டுக்குள் அடங்க வேண்டும். எமது தமிழ்ச் சொற்களோ நீளமானவை! பத்துச் சொற்களில் எழுதியதை நான்காகச் சுருக்கி, அந்த நான்கிலும் விறுவிறுப்புக் குறையாமற் காப்பது சிறு காரியமன்று. இவ்வளவும் செய்தபின், கதாநாயகன் பள்ளத்தின் விளிம்பிலே தொங்கும் இடமாகப் பார்த்துத் ‘தொடரும்’ என்று போட வேண்டும். அடுத்த இதழில் அவனைக் காப்பாற்றியும் ஆக வேண்டும். படிக்கும் பிள்ளை நீதிபதியிலும் கண்டிப்பானவன். ஏமாற்றினால் மன்னிக்க மாட்டான்.

வாண்டுமாமா கதையோடு நிற்கவில்லை. ‘தோன்றியது எப்படி?’, ‘மருத்துவம் பிறந்த கதை’ போன்ற அறிவு நூல்களையும் அதே கையால் எழுதினார். புதையலைத் தேடிப் போன பையனை, அவன் அறியாமலே விஞ்ஞானக் கூடத்து வாசலிற் கொண்டுபோய் நிறுத்திய தந்திரம் அது. தாம் நடந்து வந்த பாதையை அவர் ‘எதிர்நீச்சல்’ என்னும் நூலாக எழுதி வைத்தார். அந்தத் தலைப்பே அவரது வாழ்வைச் சொல்லிவிடும். சிறுவர் எழுத்தைச் சிறு எழுத்தாக எண்ணும் சமூகத்திலே அவர் நீந்தியது நீரோட்டத்துக்கு எதிராகத்தான். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

இனி அன்பரது முதற் கேள்விக்கு வருவோம். இதெல்லாம் ஒரு படிப்பா?

1970களின் தொடக்கத்திலே இலங்கைக்கு வரும் தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். அதனால் எமது நாட்டு எழுத்தாளருக்கு ஒரு களம் கிடைத்தது, அது நன்மையே. ஆனால், சிறுவர்களாகிய எமக்கு அப்போது அந்த நியாயம் புரியவில்லை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்றொரு வெளியீடு 1972இல் தொடங்கியதாம். அதிலே இரும்புக்கை மாயாவி என்று ஒருவன் வருகிறானாம். மின்சாரம் தாக்கினால் உடல் முழுதும் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியுமாம்! அவன் ஆங்கிலச் சஞ்சிகையிலே பிறந்தவன் என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தவை. தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கும் யாரோ ஒருவரது பெட்டிக்குள் ஒரு பிரதி இருக்கும். அது கண்டியிலே கைமாறிக் கைமாறி அட்டையிழந்து எம்மிடம் வந்து சேரும்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எம்முடன் படிக்க வந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவனுடைய சித்தப்பா, வாண்டுமாமாவின் தொடர்கதை ஒன்றைப் பழைய இதழ்களிலிருந்து கத்தரித்து, ஊசி நூலாற் தைத்து வைத்திருந்தார். மழை நாட்களிலே பாடசாலை விறாந்தையில் அமர்ந்து இருவரும் அதைப் படிப்போம். ஒரு நாள் அவன், “நாங்கள் இந்தியாவுக்குப் போகிறோம்” என்றான். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவன் குடும்பத்துக்கு எழுதிய விதி அது. புகையிரதம் ஏறும் நாளில் அந்தத் தையற் புத்தகத்தை எம் கையிலே வைத்தான். “கடைசிப் பகுதி இதில் இல்லை. அங்கே போய்ப் படித்துவிட்டு எழுதுகிறேன்” என்றான்.

கடிதம் வரவில்லை. புதிய நாட்டிலே என்ன பாடு பட்டானோ! அந்தக் கதையின் முடிவை நாம் இன்றுவரை தேடிப் படிக்கவில்லை. அவன் எழுதுவான் என்று எண்ணியே காலம் கழிந்தது. எனினும், ஒன்று கூறுவோம். பிரிவு என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன, துணை நிற்பது என்றால் என்ன என்பவற்றை எமக்குக் கற்பித்த நூல்களில், அந்த முடிவில்லாத புத்தகத்துக்கு ஓர் இடமுண்டு. தமிழை வேகமாகப் படிக்கக் கற்றதும் அதனால்தான்.

இவற்றையெல்லாம் அன்பரிடம் கூறினோம். எல்லாச் சாகசக் கதைகளும் நல்லவை என்று நாம் வாதிடவில்லை. வெட்டும் குத்துமே கதையாக வருவனவும் உண்டு. அவற்றைப் பெற்றோர் பார்த்துத் தள்ள வேண்டியதே. பார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. பெற்றோரும் அவற்றைப் படிக்க வேண்டும். கைத்தொலைபேசியிலே பிள்ளைகள் மூழ்கிக் கிடக்கும் இந்நாளில், ஒருவன் தமிழ்ப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கிறான் என்றால், அடிப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டாமா?

பையன் பக்கம் திரும்பி, “தம்பி, கதை எதுவரை வந்திருக்கிறது?” என்றோம். முதலில் தயங்கினான். பின்பு மெல்லத் தொடங்கினான். குதிரைவீரன் பாலத்தைக் கடப்பதற்குள் வாவியிலே விளக்கொளி விழத் தொடங்கிவிட்டது.

“சரி, நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போவோம்” என்று எழுந்த அன்பர், நான்கு அடி நடந்ததும் மகனிடம் கேட்டது எம் காதில் விழுந்தது:

“அந்தப் பாலம் உடைந்ததா, இல்லையா?”