வெள்ளம் இல்லாத வைகை



பரிபாடலின் எழுபது பாடல்களில் 26 வையை என்ற வைகைக்கு உரியவையாம். நம் கைக்கு வந்தவை எட்டுதான். அவற்றில் புதுப்புனல் நுங்கும் நுரையுமாக வருகிறது. ஊரே திரண்டு நீராடப் போகிறது. சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்ததும் உடைந்த கரையை அடைக்கத்தான். கலை நமக்குக் காட்டிய வைகை பொங்கி வருகிற வைகை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போதும் அந்தக் காட்சி வேண்டுமென்றுதான் அணையைத் திறக்கிறார்கள். மற்ற நாட்களின் ஆற்றைப் பார்க்க மதுரை ஏ.வி. பாலத்தில் சற்று நின்றால் போதும்: கருவேலம், ஆகாயத்தாமரை, சாக்கடை.

வறண்ட வைகைக்கு யார் கலைஞர் என்று யோசித்தேன், சிரிப்புதான் வந்தது. 2017 ஏப்ரலில் வைகை அணைநீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. அன்று கிளம்பிய மீம்களைப்போல வைகையின் வறட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோன கலை வேறு எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெர்மாகோலைப் பார்த்துச் சிரித்த நாம், அடியில் தண்ணீர் எவ்வளவு கிடந்தது என்று கேட்கவில்லை. 71 அடி அணை அது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்கள் அதை நம்பியிருக்கின்றன. அதுவோ முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறது.

அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதையை வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ஆக்கினார். 2003இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அணைக்கு மேலே இதிகாசம் உண்டு. கீழே?

கீழே மானாமதுரை இருக்கிறது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செய்த கடம்தான் கச்சேரி மேடைகளில் பேர்போனது. கடத்துக்கான மண் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் வெட்டியெடுப்பது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் கண்மாய்க்கு வரும். வண்டலும் அதோடுதான் வரும். தனி ஆவர்த்தனத்துக்குத் தலையாட்டும் ரசிகர் கடத்தில் வைகையைக் கேட்பதாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வைகையை ஒரு அஞ்சலட்டையில் வரைந்து அனுப்புங்கள். வயது வரம்பில்லை, பரிசும் இல்லை. வெள்ளம் மட்டும் வேண்டாம். ஆற்றைக் கடைசியாக எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே. பரமக்குடி, ராமநாதபுரத்துக் கடைமடைக்காரர்கள் அனுப்பும் படங்களுக்கே முதல் பக்கங்கள். தண்ணீர்தான் அவர்களிடம் கடைசியாகப் போகிறது.

அன்புடன்,
ஆசிரியர்