அரிசிப் பானைக்குள் ஒரு மாத்திரை அட்டை
களப்பணியில் நான் சந்தித்த அக்கா ஒருவர் கருத்தடை மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். கணவன் கண்ணில் பட்டால் ‘எவனுக்காக?’ என்று கேட்டு அடிப்பானாம். ஆணுறை போடச் சொன்னாலும் அடிதான். மூன்று மாதத்துக்கொரு அந்தரா ஊசி வெளியே தெரியாது. ஆனால் மாதவிடாய் தள்ளிப்போனால் மறுபடி சந்தேகம்.

இது ஊரிலும் நடக்கிறது, சேரியிலும் நடக்கிறது. கூலிக்காரப் பெண்ணுக்கு ஊசி போடப் போனால் ஒருநாள் சம்பளமும் போகும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். கத்தி அவளுக்கு, அதிகாரம் அவனுக்கு.

கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் போதும் என்கிறது 1971 சட்டம். ‘புருஷனைக் கூட்டி வா’ என்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள், தோழர்களே. சாதியை எதிர்க்கும் நாம் வீட்டுக்குள் ஆண்டையாக இருக்க முடியாது.